குறைந்த செலவில் சண்டைப் படம்: அரங்கம் தவறான இடத்தில் சிரிப்பது ஏன்?

கொழும்பில் இன்று ஒரு சண்டைப் படம் எடுப்பதற்குப் பெரிய முதலாளி எவரும் தேவையில்லை. ஒரு கமரா அல்லது தரமான கைத்தொலைபேசி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியொன்றின் மொட்டை மாடி, ஞாயிற்றுக்கிழமை வரச் சம்மதிக்கும் ஏழெட்டு நண்பர்கள், இரவில் கணினி முன் அமர்ந்து காட்சிகளைத் தொகுக்க ஒருவர் ஆகியோர் கிடைத்துவிட்டால், அரை மணி நேரப் படமொன்று ஓரிரு மாதங்களில் உருவாகிவிடுகிறது. இப்படி உழைத்து எடுக்கப்பட்ட படங்கள் பலவற்றுக்கு ஒரே விபத்து நேர்கிறது. நாயகனின் அண்ணன் கொல்லப்படும் இடத்தில், பார்வையாளர் அழ வேண்டிய அதே நொடியில், அரங்கம் சிரித்துவிடுகிறது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு வேலை செய்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு வலிக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அந்த வலி பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது என்பதாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

படத்தில் காசு இல்லை என்பதற்காக எவரும் சிரிப்பதில்லை. மங்கலான ஒளி, பழைய ஓட்டோ, வெறுமையான அறை எல்லாவற்றையும் பார்வையாளர் மன்னித்துவிடுவார். மனித உடலுக்கு எடை இருக்கிறது, அடித்தால் வலிக்கும், துப்பாக்கியைக் கண்டால் பயம் வரும் என்பவற்றைப் படம் மறந்துவிட்டால் அவர் மன்னிப்பதில்லை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மறதியின் பிள்ளைகள்தான்.

மிக அடிப்படையான ஒரு குத்திலிருந்தே தொடங்கலாம். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, கமராவைப் பக்கவாட்டில் வைத்துப் படமெடுத்தால், முட்டிக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள அரையடி இடைவெளியும் அதனூடாகத் தெரியும் பின்சுவரும் திரையில் தெளிவாக விழுந்துவிடும். அடி வாங்கியவர் தலையைத் திருப்பும்போது அரங்கம் சிரிப்பது இயல்பே. கமராவை ஒருவரின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், லென்ஸும் முட்டியும் முகமும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்தால், அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. கமராவைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் நீண்ட குவிய லென்ஸைப் பயன்படுத்தினால் இருவரும் இன்னும் நெருங்கி நிற்பதுபோலத் தோன்றும். இதற்கு ஒரு ரூபாகூடக் கூடுதலாகச் செலவாகாது.

ஆனால் குத்தை நம்பவைப்பவர் குத்துபவர் அல்லர், வாங்குபவர்தான். புதியவர்கள் எடுக்கும் படங்களில் நன்றாக உடற்பயிற்சி செய்தவருக்கு நாயகன் வேடமும், கடைசி நேரத்தில் வந்தவருக்கு அடி வாங்கும் வேடமும் கிடைக்கின்றன. இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். தாடையில் விழும் அடிக்குத் தலை முதலில் திரும்பி, தோள் அதைத் தொடர்ந்து, பிறகு இடுப்பும் கால்களும் நிலைகுலைய வேண்டும். தலை மட்டும் திரும்பி, பாதங்கள் தரையில் அசையாமல் நின்றால் அந்த அடி பொய். முட்டி வரும் முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதும், முட்டி கடந்துபோன பிறகு நினைவு வந்து தலையைத் திருப்புவதும் இதே வகைத் தவறுகள். நொடிக்கு 25 ஃபிரேம்களில், அதாவது 25 தனிப் படங்களாக, எடுக்கப்படும் காட்சியில் ஒரு ஃபிரேமின் நேரம் 40 மில்லிவினாடி. ஐந்தாறு ஃபிரேம்கள் தாமதித்தால் அது நொடியின் கால்பங்கு. எவருடைய கண்ணும் அதைப் பிடித்துவிடும். ஒரே குத்தை முப்பது தடவையேனும் மெதுவாகப் பழகி, பின்னர் வேகம் கூட்டி எடுப்பதே வழி.

அடியின் ஒலியைப் பொருத்தும்போதும் இதே கவனம் தேவை. முட்டி முகத்தைக் கடக்கும் ஃபிரேமிலேயே ஒலியின் உச்சம் விழ வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே 'டிஷ்யூம்' ஒலியைப் படம் முழுவதும் இருபது தடவை ஒட்டும்போது, மூன்றாவது தடவையிலேயே காது அதை அடையாளம் கண்டுகொள்கிறது. ஹொலிவூட்டில் 1951ஆம் ஆண்டுப் படமொன்றுக்காகப் பதிவான ஓர் அலறல், 'வில்ஹெல்ம் அலறல்' என்று பெயர் பெற்று நூற்றுக்கணக்கான படங்களில் பயன்பட்டு, இன்று எங்கே கேட்டாலும் இரசிகர்களைப் புன்னகைக்க வைப்பது இதனால்தான். வயிற்றில் விழும் அடியும் கன்னத்தில் விழும் அறையும் வெவ்வேறு ஒலிகள். ஈரத் துணியைச் சுவரில் அடித்தும், கோவாவைக் கையால் முறித்தும், தோற்பையைத் தட்டியும் வீட்டிலேயே ஓர் இரவில் பத்துப் பன்னிரண்டு ஒலிகளைப் பதிவுசெய்துவிடலாம்.

அடுத்தது, நாயகனைச் சூழ்ந்து நிற்கும் அடியாட்கள். அண்மையில் வெள்ளவத்தையில் சிறு திரையிடலொன்றில் பார்த்த குறும்படத்தில், நாயகன் ஒருவனுடன் மோதிக்கொண்டிருக்கும்போது, பின்னால் நீலச் சேட்டு அணிந்த இளைஞர் ஒருவர் கையில் இரும்புக் குழாயுடன் ஏறத்தாழப் பத்து நொடிகள் நின்றார். ஓரடி முன்னே வைத்தார், பிறகு பின்னே வைத்தார், யாரோ சைகை காட்டியதுபோலக் கமராப் பக்கம் ஒருமுறை பார்த்தார், தன் முறை வந்ததும் ஓடிவந்து அடி வாங்கி விழுந்தார். நடுவில் நடந்த சண்டை உண்மையில் நன்றாகவே அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அரங்கிலிருந்த அத்தனை பேரும் நீலச் சேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாயகனின் முதுகு அவருக்கு முன்னால் திறந்தே கிடந்தது, அவர் அடிக்கவில்லை. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்ற கேள்விக்குப் படத்தில் விடை இல்லாதபோது சிரிப்பு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

இதற்கான விடையை இடமே தர முடியும். திறந்த மைதானத்தில் எட்டுப் பேர் ஒவ்வொருவராக வருவதற்குக் காரணம் இல்லை. தொடர்மாடியின் குறுகலான மாடிப்படியில், செட்டியார் தெருவின் பின்புறம் போன்ற ஒடுங்கிய சந்தில், பொருட்கள் அடுக்கிய களஞ்சிய அறையில், ஒருவர்தான் ஒரு நேரத்தில் முன்வர முடியும். 2003இல் வெளிவந்த கொரியப் படமான 'ஓல்ட்போய்' தனது புகழ்பெற்ற சண்டையை ஒரு நீண்ட நடைபாதையில், பக்கவாட்டிலிருந்து, வெட்டில்லாத ஒரே ஷாட்டாகக் காட்டியது. அதற்கு மூன்று நாட்களும் 17 டேக்குகளும் தேவைப்பட்டன. அதில் எதிராளிகள் அத்தனை பேரும் கண்ணுக்குத் தெரிந்தும் எவரும் சிரிப்பதில்லை. அவர்கள் தயங்குகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள், விழுந்தவனைக் கண்டு பின்வாங்குகிறார்கள், நாயகனும் களைத்துச் சுவரைப் பிடிக்கிறான். பின்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அந்த நொடியில் ஒரு வேலை, ஒரு பயம், அல்லது எழ முடியாத ஒரு காயம் கொடுக்கப்பட்டிருந்தால் அவர் காத்திருப்பதாகத் தோன்றமாட்டார். இந்தோனேசியாவில் 2011இல் எடுக்கப்பட்ட 'த ரெய்ட்' ஏறத்தாழ 11 இலட்சம் அமெரிக்க டொலர் செலவில், பெரும்பகுதி ஒரே கட்டடத்துக்குள் நடக்கும்படி எழுதப்பட்டது. அந்தத் தொகை நமக்குப் பெரிதாகத் தோன்றினாலும் உலகச் சண்டைப் படங்களின் அளவில் மிகச் சிறியது. கதையையே ஒரு கட்டடத்துக்குள் அடக்கிய முடிவு, அந்தப் படத்தின் பெரும் பலம்.

சண்டையின் விளைவுகளை மறப்பதும் நகைப்புக்கு இடமளிக்கிறது. கொழும்பின் ஈரப்பதத்தில் காலி வீதியில் பஸ்ஸைப் பிடிக்க ஐம்பது மீற்றர் ஓடினாலே சேட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ளும் என்பது இங்கு வாழும் அனைவருக்கும் தெரியும். பத்துப் பேரை அடித்து வீழ்த்தியவர் உலர்ந்த சட்டையுடனும் கலையாத தலைமுடியுடனும் வசனம் கதைத்தால் பார்வையாளர் எப்படி நம்புவார்? ஒரு போத்தல் தண்ணீரும் கொஞ்சம் மண்ணும் போதும். அதைவிட முக்கியமாக, முந்திய காட்சியில் வலது கையில் அடி வாங்கியவர், அடுத்த காட்சியில் தேநீர்க் கோப்பையை இடது கையால் எடுக்க வேண்டும். இத்தகைய ஒரு சிறு செயல், அதற்கு முன் நடந்த சண்டை முழுவதையும் பின்னோக்கி உண்மையாக்கிவிடுகிறது.

படத்தொகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சரியாகப் பழகாத சண்டையை மறைப்பதற்காகக் கமராவை ஆட்டுவதும், நொடிக்கு மூன்று வெட்டு வைப்பதும் பயன் தருவதில்லை. சண்டையிடும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டினைக் கமரா அறியாமல் தாண்டி மறுபுறம் போனால், இடமிருந்து வலமாக அடித்தவர் அடுத்த ஷாட்டில் தன்னையே அடித்துக்கொள்வதுபோலத் தோன்றுவார். ஹொங்கொங் சண்டைப் பட வல்லுநர்கள், அடி விழும் கணத்தின் ஓரிரு ஃபிரேம்களை அடுத்த ஷாட்டிலும் மீண்டும் வைத்து, அந்த அடியைக் கண் முழுமையாக வாங்கிக்கொள்ளச் செய்தார்கள். நம்மவர்களோ பெரும்பாலும் அதே இடத்தில் ஃபிரேம்களைக் குறைத்துவிடுகிறார்கள். மெதுவியக்கம் படத்துக்கு ஓரிரு தடவை போதும்.

கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் அடிக்கடி கவனிக்காமல் விடுகின்ற ஒன்று உண்டு. நண்பகல் வெயிலில் தொலைபேசி தானாகவே ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகமாக மாற்றிவிடும். அப்போது வேகமான கை அசைவுகள் தொடர்ச்சியின்றித் துள்ளித் துள்ளித் தெரியும். 25 ஃபிரேமுக்கு ஐம்பதில் ஒரு பங்கு என்ற ஷட்டர் வேகத்தை நிலையாக வைத்து, மிகையான ஒளியை, லென்ஸின் முன் பொருத்தும் கருங்கண்ணாடி போன்ற என்.டி. வடிகட்டியால் குறைத்தால் அசைவு இயல்பாகும்.

துப்பாக்கிகளுக்கு வருவோம். புறக்கோட்டைக் கடைகளில் வாங்கும் விளையாட்டுத் துப்பாக்கி எடை குறைந்தது, அதனால் நடிகரின் மணிக்கட்டும் அதை எடையற்றதாகவே பிடிக்கிறது. உள்ளே சிறிது ஈயமோ நாணயங்களோ வைத்து எடை கூட்டினால் கை தானாகத் தாழ்ந்து, தோள் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். சுடும்போது கையைக் குத்துவதுபோல முன்னே தள்ளுவது பெருந்தவறு. பின்னுதைப்பு துப்பாக்கியைப் பின்னும் மேலுமாகத் தள்ள வேண்டும். கணினியில் சேர்க்கும் தீப்பொறி பெரும்பாலும் நான்கைந்து ஃபிரேம்கள் நீடித்துவிடுகிறது. உண்மையான தீப்பொறி சில மில்லிவினாடிகளே இருக்கும் என்பதால் ஒரு ஃபிரேம் போதுமானது. அந்த ஒரு ஃபிரேமில் சுடுபவரின் கையிலும் முகத்திலும் அருகிலுள்ள சுவரிலும் ஒளி விழாவிட்டால், தீப்பொறி படத்தின் மேல் ஒட்டிய காகிதமாகவே நிற்கும். 'த ரெய்ட்' குழுவினர் பிளாஸ்டிக் மணிகளைச் சுடும் எயார்சொஃப்ட் துப்பாக்கிகளைப் பயன்படுத்தித் தீப்பொறியையும் தோட்டாக்களின் வெற்று உறைகள் தெறிப்பதையும் பின்னர் கணினியில் சேர்த்தார்கள். ஆகவே நம்மைப் போன்றோர் கையாளும் முறையில் குற்றமில்லை, அதைச் செய்யும் பொறுமையில்தான் குறை இருக்கிறது.

இதே விடயத்தில் ரொபேர்ட் ரொட்ரிகஸ் 1992இல் சுமார் 7,000 டொலர் செலவில் எடுத்த 'எல் மரியாச்சி' நல்ல பாடம். குண்டின்றி வெடிமருந்து மட்டும் உள்ள தோட்டா இட்ட துப்பாக்கிகள் ஒரு தடவை வெடித்ததும் அடைத்துக்கொண்டன. அவர் அந்த ஒற்றை வெடிப்பையே வெவ்வேறு கோணங்களில் எடுத்துத் தொகுத்து, தொடர்ந்து சுடுவதாக நம்பவைத்தார். பின்னர் அந்தப் படத்தை வாங்கிய நிறுவனம் ஒலிச் சீரமைப்புக்கும் திரையிடல் பிரதிக்கும் மேலும் பெருந்தொகை செலவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையேல் 7,000 டொலர் என்ற எண் இளைஞர்களுக்குத் தவறான நம்பிக்கையைக் கொடுத்துவிடும்.

குண்டுவெடிப்புக் காட்சிகளை இந்த நகரத்தில் எடுப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக யோசிக்க வேண்டும். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி தாக்கப்பட்டதையும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் நினைவில் வைத்திருப்பவர்கள் நமது பார்வையாளர்களில் ஏராளம். உண்மையான வெடிப்பு எப்படிக் கேட்கும், கண்ணாடிகள் எவ்வளவு தூரத்துக்கு நொறுங்கும், அதன்பின் மனிதர் எப்படி ஓடுவார்கள் என்று அவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இலவசமாகத் தரவிறக்கிய செம்மஞ்சள் தீப்பிழம்புக்கு முன்னால் நாயகன் திரும்பிப் பாராமல் நடந்துவரும்போது, அவர்களில் சிலர் சிரிப்பார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள். இரண்டாவதே எனக்குக் கூடுதலான கவலை தருகிறது. வெடிப்பைக் காட்டாமல், அதைக் கேட்டு அதிரும் ஒரு முகத்தையும், அலமாரியில் நடுங்கும் கண்ணாடிக் குவளைகளையும், பிறகு காதில் நிலைக்கும் மெல்லிய ரீங்காரத்தையும் மட்டும் காட்டினால், செலவும் குறையும், மரியாதையும் காக்கப்படும்.

வெளிச்சமும் வானிலையும் காட்டிக்கொடுக்கும் தவறுகள் கொழும்புக்கே உரியவை. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்கும், நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும், கண்கள் இருண்ட குழிகளாகிவிடும். காலையில் தொடங்கி மாலையில் முடித்த சண்டையில் நிழல்கள் ஒவ்வொரு வெட்டுக்கும் நீண்டும் குறுகியும் ஆடுவதை எவரும் கவனிக்காமல் இருக்கமாட்டார். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழை வந்துபோன பிறகு வீதி ஈரமாகிவிடும். காலையில் எடுத்த உலர்ந்த வீதியுடன் அதை இணைக்க எந்த மென்பொருளாலும் எளிதில் முடியாது. சண்டையைத் தொடங்குமுன் தரையில் தாமே தண்ணீர் ஊற்றி ஈரமாக்கிவிட்டால், மழை வந்தாலும் வராவிட்டாலும் படம் ஒன்றாகவே இருக்கும். உடைக்கும் தலைமுடிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 1991ஆம் ஆண்டின் 'சாமுராய் கொப்' என்ற அமெரிக்கப் படத்தில், வேலை முடிந்தது என்று எண்ணி நாயக நடிகர் தம் நீண்ட முடியை வெட்டிவிட்ட பிறகு, இயக்குநர் மேலதிகக் காட்சிகளுக்காக அவரை மீண்டும் அழைத்தார். பொய்முடி அணிந்து எடுத்த அந்தக் காட்சிகள்தாம், முப்பதாண்டு கடந்தும் அந்தப் படத்தைச் சிரிப்பதற்காகத் தேடிப் பார்க்க வைக்கின்றன. கடைசித் தொகுப்பு முடியும்வரை எவரும் முடிவெட்டக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

நமது படங்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது மொழியும் சூழலும் இரவலாக வருவதே. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த பாத்திரம் கோபம் வந்ததும் சென்னைத் தமிழில் சவால் விடுகிறது. வில்லன் மதுரைப் பேச்சில் மிரட்டுகிறான். பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரி தமிழகப் படங்களின் இன்ஸ்பெக்டரைப் போல மேசையைத் தட்டிப் பேசுகிறார். கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போன எவருக்கும் அங்கே முதலில் காதில் விழுவது சிங்களம் என்பது தெரியும். அந்த உரையாடலைச் சிங்களத்திலேயே வைத்து, தமிழில் உபதலைப்பு இட்டால், தன் மொழியில் முறையிட முடியாமல் தடுமாறும் நாயகனின் நெருக்கடி வசனம் எதுவுமின்றி விளங்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து குடியேறியவரின் பேச்சும், மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தவரின் பேச்சும், இந்த நகரிலேயே மூன்று தலைமுறையாக வாழ்பவரின் பேச்சும் ஒன்றல்ல. அடியாள் ஒருவன் வாயைத் திறந்ததும் அவன் எங்கிருந்து வந்தவன் என்று பார்வையாளர் அறிந்துகொண்டால், அவன் பெயரற்ற அடியாளாக இருக்கமாட்டான். இவ்வளவு செல்வம் கையருகே கிடக்கும்போது மிரட்டலை மட்டும் கடன் வாங்குவானேன்?

பாதுகாப்பில் செய்யும் தவறுகளுக்குச் சிரிப்பும் மிஞ்சாது. உண்மையான கண்ணாடி, உண்மையான கத்தி, மெத்தை விரிக்காத குதிப்பு, வெள்ளவத்தைக் கடற்கரையை ஒட்டிய தண்டவாளத்தில் ஓட்டம் ஆகிய எதுவும் எந்தப் படத்துக்கும் தகாது. 1993இல் நடிகர் பிராண்டன் லீயும், 2021இல் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸும் படப்பிடிப்புத் தளத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிரிழந்தார்கள். அனுபவமும் பணமும் உள்ள இடங்களிலேயே அது நடந்தது. விளையாட்டுத் துப்பாக்கியாக இருந்தாலும், அதைப் பொது வீதியில் நீட்டிக்கொண்டு ஓடினால், மாடியிலிருந்து பார்ப்பவர் 119க்கு அழைப்பார், வருபவர்கள் உண்மையான ஆயுதத்துடன் வருவார்கள். உரிய பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து அனுமதி பெறுவதும், அயலவருக்கு நேரில் போய்ச் சொல்வதும், படப்பிடிப்பின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

சிரிப்பையே நோக்கமாகக் கொண்டு எடுப்பதும் மதிக்கத்தக்க வழிதான். உகண்டாவின் கம்பாலா நகரில், வக்கலிகா என்ற ஏழ்மையான குடியிருப்பில், நப்வானா என்ற இயக்குநர் அயலவர்களைக் கொண்டு 2010இல் வெளியிட்ட 'ஹூ கில்ட் கெப்டன் அலெக்ஸ்' உலகெங்கும் இரசிக்கப்பட்டது. அதில் படத்தின் மேலேயே ஒருவர் குரல் கொடுத்துப் பார்வையாளருடன் சேர்ந்து கூத்தாடுகிறார், ஆகவே அங்கே சிரிப்பவரும் சிரிக்க வைப்பவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். ஆனால் இந்த முடிவை எழுதும்போதே எடுக்க வேண்டும். அரங்கம் சிரித்த பிறகு, தொடக்கத்திலிருந்தே இது நகைச்சுவைதான் என்று சொல்வதை எவரும் ஏற்பதில்லை.

வெளியிடுவதற்கு முன், குழுவில் எவருக்கும் நண்பர் அல்லாத ஏழெட்டுப் பேருக்குப் படத்தைக் காட்டுங்கள். அம்மாவும் பள்ளித் தோழரும் இதற்கு உதவமாட்டார்கள், அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிவிடுவார்கள். எதையும் விளக்காமல், மன்னிப்புக் கேட்காமல், பின்வரிசையில் அமர்ந்து, சிரிப்பு வரும் ஒவ்வொரு நேரத்தையும் நிமிடமும் நொடியுமாகக் குறித்துக்கொள்ளுங்கள். சிரிப்பு எப்போதும் சற்றுப் பிந்தியே வெளிப்படும். தவறு நடந்து இரண்டு மூன்று நொடிகள் கழித்து, ஒருவர் தொடங்கி மற்றவர் தொடர்ந்த பிறகே அது காதில் விழும். ஆகவே குறித்த இடத்தை விட்டுவிட்டு, அதற்கு ஐந்து நொடிகள் முன்னிருந்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பிந்திய தலைத்திருப்பலோ, கமராவைப் பார்த்த ஒரு கண்ணோ, காத்து நிற்கும் ஒரு நீலச் சேட்டோ இருக்கும், அதை வெட்டிவிட ஒரு மாலைப்பொழுது போதும்.